காப்பிரைட் ஸ்ட்ரைக்: சட்டம் எங்கே முடிகிறது, யூடியூப்பின் விதி எங்கே தொடங்குகிறது?

2025 மே மாதக் கடைசியில் இந்தி யூடியூபர் மோஹக் மங்கல் வெளியிட்ட ஒரு காணொளி, இணையத்தை நம்பிப் பிழைப்போரிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஏஎன்ஐ செய்தி நிறுவனத்தின் காட்சிகளைச் சில நொடிகள் எடுத்தாண்டதற்காகத் தம் சேனல்மீது ஸ்ட்ரைக் என்னும் தண்டனைக் குறி விழுந்தது என்றும், அதை விலக்கிக்கொள்ளப் பல இலட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் கேட்கப்பட்டது என்றும் அவர் குற்றஞ்சாட்டினார். செலவழித்து எடுத்த காட்சிகளைக் காத்துக்கொள்ளும் சட்ட உரிமையைத்தான் செயல்படுத்துவதாக ஏஎன்ஐ தரப்பு கூறியது. தில்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்கும் தொடுத்தது.

இதை ஒரு தரப்பு ‘திருட்டு’ என்றது; மறு தரப்பு ‘மிரட்டல்’ என்றது. இந்தச் சத்தத்தில் ஒன்று கவனிக்கப்படாமல் போயிற்று. அந்தச் சில நொடிக் காட்சிகளைப் பயன்படுத்தியது பதிப்புரிமை மீறலா, இல்லையா என்று அப்போது எந்த நீதிமன்றமும் சொல்லியிருக்கவில்லை. ஆயினும் சேனலே பறிபோகும் என்ற அச்சம் பேச்சின் நடுவே வந்து உட்கார்ந்திருந்தது. தீர்ப்புக்கு முன்பே தண்டனை வந்துசேரும் இந்த ஏற்பாடு எப்படி உருவானது, அதன் விதிகளை எழுதியவர்கள் யார், இந்தியச் சட்டத்துக்கு அதில் என்ன இடம் என்பவற்றை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் சொற்கள்

தமிழ் ஊடகங்களில் ‘காப்புரிமை’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு உரிமைகளுக்கு மாறிமாறி வழங்குகிறது. கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்து அரசிடம் பெறுவது காப்புரிமை. எழுத்து, இசை, ஒளிப்படம், திரைப்படம், ஒலிப்பதிவு ஆகியவை உருவான கணத்திலேயே, பதிவு எதுவும் செய்யாமலே, வந்துசேர்வது பதிப்புரிமை. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

அடுத்து, யூடியூபர்களின் அன்றாடப் பேச்சில் புழங்கும் இரண்டு சொற்கள். இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

1. கிளெய்ம்: பெரும்பாலும் இயந்திரம் கண்டுபிடிப்பது. காணொளி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அதன் விளம்பர வருமானம் உரிமை கோரியவருக்குப் போகும், அல்லது சில நாடுகளில் காணொளி தெரியாமல் போகும். சேனலின் ஆயுளுக்கு இதனால் ஆபத்தில்லை.

2. ஸ்ட்ரைக்: உரிமையாளர் முறைப்படி நீக்கக் கோரிக்கை அனுப்பி, அதன்பேரில் காணொளி நீக்கப்படும்போது சேனலின் கணக்கில் ஏறுவது. 90 நாட்களில் காலாவதியாகும். அதற்குள் மூன்று சேர்ந்துவிட்டால் சேனல் மூடப்படும். பல ஆண்டுகளில் பதிவேற்றிய மற்றக் காணொளிகளும் சேர்ந்தே போகும்.

கிளெய்ம் என்பது யூடியூப்பும் பெரிய உரிமையாளர்களும் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் குழந்தை. ஸ்ட்ரைக்கின் வேர் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது.

யூடியூப் பிறப்பதற்கு ஏழு ஆண்டு முன் எழுதிய சட்டம்

டிஎம்சிஏ எனப்படும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் 1998 அக்டோபரில் கையெழுத்தானது. அதன் வழியே வந்த 512ஆம் பிரிவு ஒரு பேரத்தைப் போன்றது. பயனர்கள் ஏற்றும் உள்ளடக்கத்துக்காக இணைய நிறுவனத்தின்மீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பை அது அளித்தது. பதிலுக்கு, உரிமையாளரிடமிருந்து அறிவிப்பு வந்ததும் தாமதமின்றி நீக்க வேண்டும் என்ற கடமையை விதித்தது. எல்லாவற்றையும் முன்கூட்டியே கண்காணிக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்றும் சொன்னது.

நீக்கப்பட்டவருக்கும் வழி உண்டு. ‘என் காணொளி தவறாக நீக்கப்பட்டது’ என்று அவர் எதிர் அறிவிப்பு அனுப்பலாம். அதற்குப் பின் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள், முறையிட்டவர் நீதிமன்றத்துக்குப் போனதாகத் தெரிவிக்காவிட்டால் காணொளி திரும்ப வைக்கப்பட வேண்டும். வேண்டுமென்றே பொய்யாக அறிவிப்பு அனுப்பியவரிடம் நஷ்டஈடு கேட்கவும் இடமுண்டு. ஆனால் ‘வேண்டுமென்றே’ என்பதை நிரூபிப்பது மலையேற்றம். குழந்தை ஒன்று சமையலறையில் ஆடும் 29 நொடிக் காணொளியை, பின்னணியில் ஒலித்த பாட்டுக்காக, ஓர் இசை நிறுவனம் 2007இல் நீக்கச் செய்தது. குழந்தையின் தாய் தொடுத்த வழக்கு 2018இல் சமரசத்தில் முடியப் பதினோரு ஆண்டுகள் ஆயின. அறிவிப்பு அனுப்புமுன் அது, அனுமதி கேட்காமலே எடுத்தாளச் சட்டம் இடம் தரும் ‘நியாயமான பயன்பாடா’ என்று யோசித்தாக வேண்டும் என 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அது நியாயமான பயன்பாடு அல்ல என்று அனுப்பியவர் மனதார நம்பினாலே போதும் என்றும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது.

இங்கே நிறுத்திக் கவனிக்க வேண்டிய ஒன்று: திரும்பத் திரும்ப மீறுவோரின் கணக்கை ‘தக்க சூழ்நிலைகளில்’ முடிக்கும் கொள்கை நிறுவனத்துக்கு இருக்க வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. மூன்று என்ற எண்ணோ, 90 நாள் என்ற கெடுவோ அதில் இல்லை. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஆறு பந்து என்பதைப் போல நாம் ஏற்றுக்கொண்டுவிட்ட அந்தக் கணக்கு, நிறுவனம் தானே வகுத்துக்கொண்டது.

வென்றவரே கூடுதலாகக் கொடுத்த கதை

2005இல் தொடங்கிய யூடியூப்பை 2006இல் கூகுள் 165 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு மார்ச்சில், தொலைக்காட்சி நிறுவனமான வயாகாம் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது. குறிப்பிட்ட எந்தக் காணொளி மீறல் என்று தெரியாதவரை, ‘தளத்தில் மீறல் நடக்கிறது’ என்ற பொதுவான அறிவு மட்டும் பொறுப்பாக்கப் போதாது என்று 2010இல் கீழ் நீதிமன்றம் யூடியூப் பக்கம் தீர்த்தது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டு, சில கேள்விகளுக்காக வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2013இல் மீண்டும் யூடியூப்புக்கே வெற்றி. 2014இல் சமரசம்.

ஆனால் வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே யூடியூப், சட்டம் கேட்காத ஒன்றைக் கட்டி எழுப்பத் தொடங்கியிருந்தது. 2007இல் அறிமுகமான கன்டென்ட் ஐடிதான் அது. கண்காணிக்கக் கடமையில்லை என்று சட்டமே சொல்லியிருக்க, ஒவ்வொரு பதிவேற்றத்தையும் கண்காணிக்கும் கருவி எதற்கு? காரணம் வணிகம். இசை நிறுவனங்களும் திரைப்பட நிறுவனங்களும் பகையாளிகளாக இருக்கும்வரை விளம்பரச் சந்தை வளராது. திருட்டுக் காணொளியை அழிப்பதைவிட அதன்மேல் விளம்பரம் ஓட்டி உரிமையாளரோடு பணத்தைப் பகிர்வது இரு தரப்புக்கும் ஆதாயம். 2018 வரை இக்கருவிக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவிட்டதாக கூகுள் சொல்லியிருக்கிறது. இந்தப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்கள் இருவர்: தளமும் பெரிய உரிமையாளரும். காணொளியை உருவாக்கி ஏற்றுகிறவருக்கு அங்கே நாற்காலி இல்லை. அவர் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு, பிறர் எழுதிய உடன்பாட்டுக்குள் நுழைகிறார்.

இயந்திரம் செய்வதும் செய்ய முடியாததும்

உரிமையாளர் தம் பாடலையோ படத்தையோ மாதிரிக் கோப்பாகக் கொடுக்கிறார். கணினி அதிலிருந்து ஒரு கைரேகையை எடுத்து வைத்துக்கொள்கிறது. புதிதாக ஏற்றப்படும் ஒவ்வொரு காணொளியும் அந்தக் கைரேகைத் தொகுப்போடு ஒப்பிடப்படும். பொருந்தினால், உரிமையாளர் ஏற்கெனவே குறித்துவைத்த மூன்று கட்டளைகளில் ஒன்று நிறைவேறும்: தடுத்துவிடு, விளம்பரப் பணத்தை எனக்கு அனுப்பு, பார்வைகளை மட்டும் கணக்கெடு. நாட்டுக்கு நாடு வேறு கட்டளையும் கொடுக்கலாம். இந்த வசதி எல்லோருக்கும் இல்லை. பெருமளவு உள்ளடக்கத்துக்குத் தனியுரிமை வைத்திருக்கும் சில ஆயிரம் நிறுவனங்களுக்கே உண்டு.

ஒலி ஒன்றுபோல் இருக்கிறதா என்பதைக் கணினி கண்டுபிடித்துவிடும். யாருக்கு உரிமை, எதற்காக எடுத்தாளப்பட்டது என்பவை ஒலி அலையில் எழுதப்பட்டிருப்பதில்லை. தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்.

பள்ளி மாணவி ஒருத்தி பாரதியார் பாடல் ஒன்றைப் பாடிப் பதிவேற்றுகிறாள் என்று கொள்வோம். அதில் எத்தனை அடுக்கு உரிமைகள் இருக்கின்றன?

1. பாடல் வரிகள். பாரதியார் மறைந்தது 1921இல். அவருடைய படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு கையகப்படுத்தி, பின்னர் மக்களுக்கே உரியதாக்கியது. (அதற்குமுன் ஒலிவடிவ உரிமை ஒரு திரைப்படத் தயாரிப்பாளர் கையில் இருந்தது என்பதை இன்று பலர் அறியார்.) ஆக, வரிகளுக்கு யாரும் உரிமை கோர முடியாது.

2. மெட்டு. அவள் பாடுவது திரைப்படத்துக்காக ஓர் இசையமைப்பாளர் போட்ட மெட்டு என்றால் அது தனிப் படைப்பு. இந்தியச் சட்டப்படி இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டு வரை அதற்குப் பாதுகாப்பு உண்டு. வழிவழியாகப் பாடப்படும் மெட்டோ, பாட்டு வாத்தியார் தாமே ராகத்தில் அமைத்துக் கொடுத்ததோ என்றால் கதை வேறு.

3. ஒலிப்பதிவு. பின்னணியில் கேசட் நிறுவனத்தின் இசைத்தடம் ஓடினால், வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுவரை அந்தப் பதிவுக்கு உரிமையுண்டு. வெறும் சுருதிப் பெட்டியோடு பாடினால் இந்த அடுக்கே இல்லை.

4. பாடுகிறவரின் உரிமை. இது அந்த மாணவிக்கே சொந்தம்.

நான்கில் எந்த அடுக்கு மோதுகிறது என்பதைப் பொறுத்தே சட்டத்தின் விடை மாறும். கைரேகையோ பொருத்தம் உண்டு அல்லது இல்லை என்ற இரண்டில் ஒன்றைத்தான் சொல்லும். நாட்டுடைமையான நூல்களின் பட்டியல் அதற்குத் தெரியாது. சுருதிப் பெட்டியின் ஓசை ஆயிரக்கணக்கான பதிவுகளில் ஒன்றேபோல் ஒலிப்பது; அது மட்டும் ஒலிக்கும் பகுதியை யாராவது மாதிரிக் கோப்பில் விட்டுவைத்தால், அதே பெட்டியை வைத்துப் பாடிய அத்தனை பேரும் மாட்டுவார்கள். பலருக்கும் பொதுவான ஒலித்துணுக்குகளை மாதிரியாகக் கொடுக்கக் கூடாது என்று யூடியூப் விதி இருப்பதே, இப்படி நடக்கும் என்பதை அது அறிந்திருப்பதற்குச் சான்று. மேற்கத்திய இசையிலும் இதே கூத்துதான். 2018இல் பிரிட்டன் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் வீட்டில் வாசித்து ஃபேஸ்புக்கில் ஏற்றிய, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையில் 47 நொடிகள் தனக்குச் சொந்தம் என்று சோனி இசை நிறுவனத்தின் பெயரில் தானியங்கிக் கோரிக்கை வந்தது. பாக் இறந்தது 1750இல். அதே ஆண்டு, வெறும் இரைச்சல் மட்டும் பத்து மணி நேரம் ஓடும் ஒரு காணொளிமீது ஐந்து கிளெய்ம்கள் விழுந்தன.

மறுப்பு என்னும் படிக்கட்டு

இயந்திரம் தவறினால் திருத்திக்கொள்ள வழியே இல்லையா என்றால், உண்டு. அதன் படிகளை வரிசையாகப் பார்த்தால்தான் சுமை யார் தோளில் விழுகிறது என்பது தெரியும்.

1. கிளெய்மைப் பதிவேற்றியவர் மறுக்கலாம். மறுப்பு போய்ச்சேருவது நடுநிலையாளரிடம் அல்ல, உரிமை கோரியவரிடமே. பதில் சொல்ல அவருக்கு 30 நாள்.

2. அவர் ‘என் கோரிக்கை சரிதான்’ என்று நிராகரித்தால், பதிவேற்றியவர் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் அவரிடமே போகும். இப்போது கெடு 7 நாள்.

3. மேல்முறையீட்டையும் ஏற்காதவர், நீக்கக் கோரிக்கை அனுப்ப வேண்டும். காணொளி நீங்கும், ஸ்ட்ரைக் விழும். ஆபத்தில்லாத கிளெய்ம் ஒன்றை எதிர்த்துப் போராடியவர், சேனலைப் பணயம் வைக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறார்.

4. அதன்பின் எதிர் அறிவிப்பு. இதுவே அமெரிக்கச் சட்டத்தின் பாதை. இப்படிவத்தில் பெயரும் முகவரியும் தர வேண்டும். அவை எதிர்த்தரப்புக்கு அனுப்பப்படும். அமெரிக்காவுக்கு வெளியே வசிப்பவர், யூடியூப் அமைந்துள்ள மாவட்டத்தின் நீதிமன்ற அதிகாரத்துக்குத் தாம் உட்படுவதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான்காம் படியில் வரும் அந்த வாசகத்தை மதுரையிலோ மட்டக்களப்பிலோ இருந்து படிப்பவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். கோவில் திருவிழாவில் எடுத்த நாகஸ்வரக் காணொளிக்காகக் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவதாக ஒப்பமிட எத்தனை பேருக்குத் துணிவு வரும்? நீதிமன்றத்தில் வாதிதான் தம் உரிமையையும் மீறலையும் நிரூபிக்க வேண்டும். இங்கோ கோரியவரின் சொல் முதலிலேயே நிறைவேறிவிடுகிறது. அதை அசைக்க விரும்புகிறவர் படிப்படியாகத் தம் ஆபத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. சட்டத்தின் ஒரு வரிகூட மாறாமல், சுமை மட்டும் இடம் மாறியிருக்கிறது.

எண்கள் சொல்வது

யூடியூப் தன் முதல் பதிப்புரிமை வெளிப்படைத்தன்மை அறிக்கையை 2021 டிசம்பரில் வெளியிட்டது. அவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களில் மட்டும் கன்டென்ட் ஐடி வழியாக 72.2 கோடி கிளெய்ம்கள் எழுந்தன. தளத்தில் நடக்கும் பதிப்புரிமை நடவடிக்கைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் இந்த இயந்திரத்தின் வழியே நடப்பவை. அவற்றில் மறுக்கப்பட்டவை சுமார் 37 இலட்சம், அதாவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மறுக்கப்பட்டவற்றில் 60 விழுக்காடு பதிவேற்றியவருக்குச் சாதகமாக முடிந்தன.

கடைசி இரண்டு எண்களையும் நிறுவனம் ஒருவிதமாகவும் விமர்சகர்கள் வேறுவிதமாகவும் படிக்கிறார்கள். நூற்றில் ஒன்றுகூட மறுக்கப்படவில்லை என்றால் இயந்திரம் துல்லியமாக இருக்கிறது என்பது முதல் வாசிப்பு. மறுத்தவர்களில் பாதிக்கு மேல் வெல்கிறார்கள் என்றால், மறுக்கத் துணியாமல் விட்டவர்களில் எத்தனை பேர் நியாயம் உள்ளவர்கள் என்பது இரண்டாவது. மேலே கண்ட படிக்கட்டை வைத்துப் பார்க்கும்போது இரண்டாவது வாசிப்பே வலுவாகத் தோன்றுகிறது. எனினும் பெரும்பாலான கிளெய்ம்கள் திரைப்படப் பாடலை அப்படியே எடுத்து ஒட்டியவற்றின் மேல்தான் விழுகின்றன என்பதையும் மறுக்க இயலாது.

இவ்வளவு பணம் புரளும் இடத்தில் மோசடியும் வரும். அமெரிக்காவின் அரிசோனாவில் இருவர், தங்களுக்குச் சற்றும் உரிமையில்லாத 50,000க்கும் மேற்பட்ட பாடல்களைத் தங்களுடையவை என்று காட்டி, கன்டென்ட் ஐடி வழியாக 2 கோடி டாலருக்கு மேல் பணம் பெற்றனர் என்று 2021இல் குற்றஞ்சாட்டப்பட்டு, பின் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். பாடல்களில் பெரும்பகுதி லத்தீன் அமெரிக்கக் கலைஞர்களுடையவை. உரிமைச் சான்றை முதலில் சரிபார்ப்பதைவிட, யாராவது முறையிடும்வரை காத்திருக்கும் அமைப்பு என்பதால் இது சில ஆண்டுகள் நடந்திருக்கிறது. நீக்கக் கோரிக்கையை மிரட்டிப் பணம் பறிக்கப் பயன்படுத்திய ஒருவர்மீது 2019இல் யூடியூப்பே வழக்குத் தொடுத்து, 25,000 டாலரும் மன்னிப்பும் பெற்றது.

பாட்டு இருந்தது, காணாமல் போனது

தளங்கள் விதியை உருவாக்கும் இன்னொரு வழி, உரிம ஒப்பந்தம். குறுங்காணொளிகளில் பயனர் தேர்ந்தெடுக்கும் பாடல்கள் அவருக்கு இலவசமாகத் தோன்றுகின்றன. உண்மையில் தளம் இசை நிறுவனத்துக்குப் பணம் கட்டியிருக்கிறது. யுனிவர்சல் இசை நிறுவனத்துக்கும் டிக்டாக்குக்கும் இருந்த ஒப்பந்தம் 2024 ஜனவரி 31ஆம் நாளோடு முடிந்தபோது, அதுவரை சட்டப்படி சரியாக இருந்த எண்ணற்ற காணொளிகள் ஒரே இரவில் ஊமையாயின. மே மாதத் தொடக்கத்தில் புதிய ஒப்பந்தம் அறிவிக்கப்பட்ட பிறகுதான் பாடல்கள் திரும்பத் தொடங்கின. இடைப்பட்ட மூன்று மாதங்களில் சட்டம் மாறவில்லை. பயனர்கள் எதையும் செய்யவில்லை.

ஐரோப்பா: தளத்தின் பழக்கம் சட்டமான விதம்

2019இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய பதிப்புரிமை நெறிமுறையின் 17ஆம் விதி, பெரிய பகிர்வுத் தளங்கள் பயனர் ஏற்றுவதற்குத் தாங்களே பொறுப்பு என்றது. உரிமம் பெற இயன்றவரை முயல வேண்டும். உரிமையாளர் தகவல் தந்த படைப்புகள் ஏறாமலிருக்கவும் இயன்றதைச் செய்ய வேண்டும். வடிகட்டி என்ற சொல் விதியில் இல்லை. வடிகட்டி இல்லாமல் அதை நிறைவேற்றவும் முடியாது. யூடியூப்பில் பத்தாண்டுக்கு மேலாக இப்படியொரு கருவி ஓடிக்கொண்டிருந்திராவிட்டால், ‘இது நடைமுறையில் சாத்தியம்’ என்று சட்டமியற்றுவோர் நம்பியிருப்பார்களா என்பது ஐயமே. வியப்பு என்னவென்றால், இந்தச் சுமை கூகுளை அதிகம் வருத்தாது. 10 கோடி டாலர் செலவழிக்க முடியாத போட்டியாளர்களைத்தான் வருத்தும். புதிய, சிறிய தளங்களுக்குச் சலுகை தந்திருப்பது அதனால்தான். ஆனால் அது மூன்று ஆண்டுக்கு உட்பட்ட, ஒரு கோடி யூரோவுக்குக் குறைந்த வரவுள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே.

போலந்து தொடுத்த வழக்கில் 2022 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் விதியைச் செல்லுபடியாக்கியது. ஆனால் சட்டத்துக்கு உட்பட்டதையும் மீறியதையும் போதுமான அளவு பிரித்தறியத் தெரியாத வடிகட்டி கூடாது என்றது. ஜெர்மனி தன் சட்டத்தில் இன்னும் நுணுக்கமாக இறங்கியது: 15 நொடி வரையான காட்சி அல்லது ஒலி, 160 எழுத்து வரையான உரை, 125 கிலோபைட் வரையான படம் ஆகியவற்றை வேறு உள்ளடக்கத்தோடு சேர்த்து, மூலத்தின் பாதிக்கும் குறைவாக, வணிக நோக்கின்றி எடுத்தாண்டால், அதைச் சட்டப்படியானது என்றே முதலில் கருதி விட்டுவைக்க வேண்டும், பிறகுதான் விசாரணை. மேலே சொன்ன படிக்கட்டை அப்படியே தலைகீழாக்கிய ஏற்பாடு இது.

இந்தியச் சட்டம்

‘பத்து நொடிவரை எடுக்கலாம்’ என்று யூடியூபர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நொடிக் கணக்கு எதுவும் கிடையாது. 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாடு, விமர்சனம், நடப்புச் செய்திகளை அறிவித்தல் ஆகியவற்றுக்கான ‘நியாயமான கையாளுகை’யை மீறலாகக் கருதாது. எவ்வளவு எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள், அது மூலத்துக்குப் போட்டியாக அமையுமா என்பவற்றை நீதிமன்றம் எடைபோடும். இது வழக்குக்கு வழக்கு மாறும் விடை. மங்கலின் காணொளிக்கும் இப்படித்தான் விடை கண்டிருக்க வேண்டும்.

இணைய நிறுவனங்களின் பொறுப்பு பற்றி முக்கியமான தீர்ப்பு, இசை நிறுவனமான டி-சீரிஸ், சமூக வலைத்தளமான மைஸ்பேஸ்மீது தொடுத்த வழக்கில் வந்தது. 2011இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மைஸ்பேஸைப் பொறுப்பாக்கினார். 2016 டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, எந்தப் படைப்பு எங்கே மீறப்பட்டது என்று குறிப்பாகத் தெரிவித்தால்தான் பொறுப்பு எழும், பொதுவான ஐயம் போதாது என்றது. பிற உள்ளடக்கங்களுக்கு நீதிமன்ற ஆணை தேவை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், பதிப்புரிமையில் உரிமையாளரின் குறிப்பான அறிவிப்பே போதும் என்றும் அந்த அமர்வு தெளிவாக்கியது.

எனக்கு மிகவும் குறிப்பிடத்தக்கதாகத் தோன்றுவது, அதிகம் பேசப்படாத 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதி. அதன்படி முறையிடுபவர் செய்ய வேண்டியவை இவை:

1. தாமே உரிமையாளர் அல்லது தனியுரிமம் பெற்றவர் என்பதைக் காட்ட வேண்டும்.

2. நடந்த செயல் 52ஆம் பிரிவின் விலக்குகளுக்குள் வரவில்லை என்பதற்கான விவரங்களைத் தர வேண்டும்.

3. பதிவேற்றியவர்மீது வழக்குத் தொடுத்து, 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவருவதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும்.

முறையீடு வந்த 36 மணி நேரத்துக்குள் தளம் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளில் ஆணை வராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். அமெரிக்க முறையில், நீக்கப்பட்டவர் முதலில் எதிர் அறிவிப்பு அனுப்பினால்தான் முறையிட்டவர் நீதிமன்றம் போக வேண்டிய நிலை வரும். இந்திய விதியில் பதிவேற்றியவர் ஒரு வரிகூட எழுதாமலே அந்தக் கடமை முறையிட்டவர் தலையில் ஏறிவிடுகிறது. இதன் தாய்ப்பிரிவு தற்காலிகமான, இடைநிகழ்வான சேமிப்பைப் பற்றியே பேசுவதால், காணொளிகளை நிலையாக வைத்திருக்கும் தளத்துக்கு இது முழுதும் பொருந்துமா என்ற வாதமும் உண்டு. போதாததற்கு, 60ஆம் பிரிவும் இருக்கிறது: ஆதாரமில்லாமல் பதிப்புரிமை வழக்கு மிரட்டல் விடுத்தவர்மீது, மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் சென்று தடையாணையும் நஷ்டஈடும் கேட்கலாம்.

நடைமுறையில் முறையீடுகள் 75ஆம் விதியின் வழியே போவதில்லை. யூடியூப்பின் சொந்தப் படிவம் சில நிமிட வேலை. அதில் 21 நாள் உறுதிமொழி இல்லை, வழக்குச் செலவும் இல்லை. தன் வழியைவிட எளிதான வழி திறந்திருக்கும்போது இந்திய விதி புத்தகத்தில் இருக்கிறது, பயன்பாட்டில் இல்லை.

உரிமக் கட்டணம் பேசும் இடத்தில் இந்த வேறுபாட்டுக்கு ரூபாய் மதிப்பு உண்டு. சாதாரணமாக ஒரு காட்சித்துணுக்கின் விலை, அதைச் சந்தையில் எவ்வளவுக்கு விற்கலாம் என்பதைப் பொறுத்தது. மூன்றாவது ஸ்ட்ரைக் நெருங்கியிருக்கும் சேனலுக்கோ, பேரத்தில் எதிரே வைக்கப்படுவது துணுக்கு அல்ல, பல ஆண்டு உழைப்பில் சேர்ந்த சந்தாதாரர்களும் மாத வருமானமும். நியாயமான கையாளுகை என்ற வாதம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், அதை நிலைநாட்ட உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். ஸ்ட்ரைக்கின் கடிகாரம் 90 நாளில் ஓடி முடிந்துவிடும். காட்சி எத்தனை நொடி என்பதைவிட, இந்த இரண்டு காலக்கெடுவுக்கும் உள்ள இடைவெளியே கேட்கப்படும் தொகையைத் தீர்மானிக்கிறது.